புதிய ஓடமும் பழைய குன்றும்

குடும்பத்தோடு சென்று களிப்பதற்கென அமைக்கப்பெறும் ஒரு சவாரியை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? அதன் உயரமா, வேகமா, அதற்குச் செலவான பணமா? அன்றி, அதிலிருந்து இறங்கி வரும் குழந்தையின் முகமா? வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய வினாவாகவே இது முதலில் தோன்றும். ஆயினும் ஐக்கிய அமெரிக்காவில் 2024 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஓர் ஓடச் சவாரி, இவ்வினாவைச் சிறியோர் பெரியோர் அனைவரிடையேயும் எழுப்பியது. அதனைப் புகழ்ந்தோரும் பழித்தோரும் பேசியவற்றுள் வரலாறு இருந்தது. இனங்களுக்கிடையிலான மனக்காயம் இருந்தது. கதை என்பது எதற்காக என்னும் பழைய விசாரமும் இருந்தது.

அச்சவாரியின் பெயர் 'ரியானாவின் பாயூ சாகசம்'. பாயூ என்பது அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள லூசியானா மாநிலத்தில், சதுப்பு நிலங்களின் ஊடே மெல்ல ஊர்ந்து செல்லும் நீரோடைக்கு வழங்கும் பெயர். புளோரிடா மாநிலத்தில் வோல்ற் டிஸ்னி உலகம் எனப்படும் பெரும் உல்லாசப் பூங்காவில் 2024 ஆம் ஆண்டு யூன் மாதம் 28 ஆம் நாளும், கலிபோர்ணியாவிலுள்ள டிஸ்னிலாந்தில் அதே ஆண்டு நவம்பர் 15 ஆம் நாளும் இது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இரண்டு இடங்களிலும் இது வெற்று நிலத்தில் எழுந்ததன்று. பலர் சிறுவயது முதல் நேசித்த வேறொரு சவாரியை அகற்றிவிட்டு, அதே குன்றில், அதே நீர்க் கால்வாயில், அதே வீழ்ச்சியை வைத்துக்கொண்டு புதுக்கதை ஒன்று குடியேற்றப்பட்டது. ஆதலால் புதியதை மதிப்பிடுமுன் பழையதை அறிந்துகொள்ளல் வேண்டும்.

பழைய சவாரியின் பெயர் 'ஸ்பிளாஷ் மவுண்டன்'. நீர் சிதறும் குன்று எனப் பொருள் கொள்ளலாம். ரோனி பாக்ஸ்ரர் என்னும் வடிவமைப்பாளர், 1983 ஆம் ஆண்டில் வேலைக்குச் செல்லும் வழியில் மோட்டார் நெரிசலில் அகப்பட்டுக்கொண்டபோது இதன் எண்ணம் அவருக்கு உதித்தது என்பது பலரும் அறிந்த செய்தி. 1989 ஆம் ஆண்டு டிஸ்னிலாந்தில் அது திறக்கப்பட்டது. 1992 ஆம் ஆண்டில் புளோரிடாவிலும் யப்பானின் ரோக்கியோவிலும் அதன் உடன்பிறப்புகள் எழுந்தன. மரக்குற்றி வடிவிலான ஓடத்தில் மக்கள் அமர்வர். ஓடம் குகைகளின் ஊடே மிதந்து சென்று, இறுதியில் சுமார் 50 அடி உயரத்திலிருந்து நீருக்குள் பாயும்.

இப்பாய்ச்சலுக்கு அங்கே ஒரு கதை இருந்தது. வீட்டை வெறுத்து ஊர் சுற்றப் புறப்பட்ட முயலார் ஒருவர். அவரைப் பிடித்துத் தின்னக் காத்திருக்கும் நரியாரும் கரடியாரும். ஓடம் செல்லச் செல்ல முயலார் பொறியில் அகப்படுவார். பாட்டின் தொனி மாறும், வெளிச்சம் குறையும். ஓடம் ஏற்றத்தில் ஏறும்போது, மேலே அமர்ந்திருக்கும் இரண்டு பிணந்தின்னிக் கழுகுகள் பயணிகளைப் பார்த்து ஏளனஞ் செய்யும். அப்பால் முயலார் தம் தந்திரத்தால், தம்மை முட்புதருக்குள் வீசிவிட வேண்டாம் என நரியாரைக் கெஞ்சுவார். மூட நரியார் அவ்விடத்திலேயே வீசுவார். முட்புதரோ முயலார் பிறந்து வளர்ந்த இடம். ஓடம் விழும் அந்தக் கணமே முயலார் தப்பும் கணமும் ஆகும். ஆகவே விழுந்தவர்கள் அஞ்சி அலறினும், அடுத்த நொடியிலே சிரித்தனர். அச்சமும் விடுதலையும் ஒரே பாய்ச்சலில் அமைந்திருந்தமையே அதன் சிறப்பு.

அத்துணைச் சிறப்புடையதை ஏன் அகற்றினர்? விடை அதன் மூலத்தில் இருக்கின்றது. முயலார் கதைகளை ஜோயல் சான்ட்லர் ஹாரிஸ் என்னும் வெள்ளையர் 1880 ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். ஜோர்ஜியா மாநிலத்துத் தோட்டமொன்றில் இளவயதிற் பணிசெய்த காலத்தில், அங்கு அடிமைகளாக இருந்த கறுப்பு மக்களின் வாயிலாக அவர் கேட்டறிந்தவை அவை. வலிமையற்ற முயல் வலிய விலங்குகளை அறிவினால் வெல்லும் அக்கதைகள், சவுக்கடியின் கீழ் வாழ்ந்தோர் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்த சொத்து எனலாம்.

அக்கதைகளுட் புகழ்பெற்றது தார்ப்பொம்மைக் கதை. முயலார் பொம்மையைக் கையால் அடிப்பார், கை ஒட்டும். மற்றக் கையால் அடிப்பார்; அதுவும் ஒட்டும். கால்களும் தலையும் அவ்வாறே. இதனைக் கேட்கும் இலங்கை நேயர் சிலருக்குப் பௌத்த சாதகக் கதையொன்று நினைவுக்கு வரக்கூடும். பஞ்சாயுத இளவரசன், ஒட்டும் உரோமமுடைய இயக்கனோடு பொருது, இரு கைகளும் இரு கால்களும் தலையும் ஒட்டிக்கொள்ள நின்ற கதை அது. இவ்விரண்டுக்கும் உள்ள ஒற்றுமையை நாட்டார் கதை ஆராய்ச்சியாளர் நெடுங்காலமாகவே எடுத்துப் பேசி வந்துள்ளனர். அங்ஙனம் உலகப் பொதுச் சொத்தாகத் தோன்றும் கதையிற் குற்றமில்லை. அது கையாளப்பட்ட முறையே குற்றத்துக்கு இடமாயிற்று.

1946 ஆம் ஆண்டில் வோல்ற் டிஸ்னி நிறுவனம் அக்கதைகளைக் கொண்டு 'தென்னாட்டின் பாடல்' என்னும் திரைப்படத்தை எடுத்தது. அடிமை முறை ஒழிந்த பின்னரும் தோட்டத்துக் கறுப்பு மக்கள் தம் நிலையில் மனநிறைவோடு பாடித் திரிந்தார்கள் போன்ற தோற்றத்தை அப்படம் தந்தது. வெளிவந்த நாளிலேயே கறுப்பு மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் அதனைக் கண்டித்தது. அதிற் கதைசொல்லும் முதியவராக நடித்தவர் ஜேம்ஸ் பாஸ்கெற் என்னும் கறுப்பு நடிகர். படத்தின் முதற்காட்சி அற்லாண்டா நகரில் நடைபெற்றது. அந்நகரிலோ அன்று நிறப்பாகுபாடு சட்டமாக இருந்தது. கதாநாயகனாக நடித்தவர் தம் படத்தின் முதல்விழாவிற் கலந்துகொள்ள முடியாத நிலை. 1948 ஆம் ஆண்டு அவருக்குச் சிறப்பு ஒஸ்கார் விருது வழங்கப்பெற்றது. அவ்விருதைப் பெற்ற முதற் கறுப்பு ஆண் நடிகர் அவரே. விருது பெற்ற அவ்வாண்டிலேயே அவர் இறந்தார். அப்படம் அமெரிக்காவில் வீட்டில் வைத்துப் பார்க்கும் ஒளிநாடாவாகவோ தட்டாகவோ ஒருபோதும் வெளியிடப்படவில்லை. படத்தை மறைத்துவைத்த நிறுவனம், அப்படத்தின் முயலையும் நரியையும் பாட்டையும் மட்டும் குன்றின் மேல் ஏற்றி வைத்திருந்தது. இம்முரண்பாடு என்றாவது ஒருநாள் கேள்விக்கு உள்ளாகவே செய்யும்.

அந்த நாள் 2020 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வந்தது. அதற்கு முந்திய மாதத்தில், ஜோர்ஜ் புளொயிட் என்னும் கறுப்பர் மினியாப்பொலிஸ் நகரத்துக் காவலர் ஒருவரின் முழங்காலின் கீழ் உயிர்துறந்தமை நாடு முழுவதையும் உலுக்கியிருந்தது. குன்றின் கதையை மாற்றுமாறு பலர் கையொப்பமிட்டு வேண்டினர். மாற்றலாகாது என்று வேறு பலர் கையொப்பமிட்டனர். யூன் 25 ஆம் நாள், குன்று ரியானாவின் உடைமையாகும் என நிறுவனம் அறிவித்தது. இவ்வேலை முந்திய ஆண்டிலேயே தொடங்கிவிட்டது என்றும் அது கூறியது.

ரியானா யார்? 2009 ஆம் ஆண்டு வெளிவந்த 'இளவரசியும் தவளையும்' என்னும் சித்திரப் படத்தின் தலைவி. டிஸ்னி இளவரசியர் வரிசையில் முதற் கறுப்புப் பெண். நியூ ஓர்லியன்ஸ் நகரில், இரவும் பகலும் உணவுக் கடைகளிற் பணிபுரிந்து காசு சேர்த்து, தந்தையின் கனவான உணவகத்தைத் தானே அமைப்பவள். இப்பாத்திரத்துக்கு முன்மாதிரியாக விளங்கியவருள் ஒருவர் லியா சேஸ் என்னும் சமையற் கலைஞர். அவர் நடத்திய உணவகத்தில், கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கிருந்து உண்பது சட்டத்துக்கு மாறாக இருந்த காலத்தில், குடியுரிமைப் போராட்டத் தலைவர்கள் கூடி உண்டனர், கூடி ஆலோசித்தனர். 2019 ஆம் ஆண்டு, தமது 96 ஆம் வயதில் அவர் காலமானார். இத்தகைய வரலாற்றுப் பின்னணியுடைய ஒரு பெண், பழிச்சொல் படிந்த குன்றுக்கு உரிமையாளராக வருகிறாள் என்றபோது, பலரது நெஞ்சம் நிறைந்தது. எதிர்பார்ப்பும் அந்த அளவுக்கு உயர்ந்தது. அறிவிப்புக்கும் திறப்புக்கும் இடையே நான்கு ஆண்டுகள் கழிந்தன. காத்திருக்கும் காலம் நீளுந்தோறும் எதிர்பார்ப்பும் வளரும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி, முதன்முறையாக அவ்வோடத்தில் ஏறும் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை மனக்கண்ணிற் கொள்வோம். அவள் பழைய குன்றை அறியாள். பழைய படத்தையும் அறியாள். உயரம் 40 அங்குலம், அதாவது 102 சென்ரிமீற்றர், இருத்தல் வேண்டும் என்பது விதி; அவள் அதற்கு உயர்ந்துவிட்டாள். புளோரிடாவில் ஓடத்தின் ஒவ்வொரு வரிசையிலும் இருவர் அமரலாம்; ஆகையாற் தாயின் கை அவள் கையைப் பற்றிக்கொண்டிருக்கும். கலிபோர்ணியாவில் ஒருவர் பின் ஒருவராக அமர்தல் வேண்டும். அங்கே அவள் காண்பது தந்தையின் முதுகை. குடும்பச் சவாரி ஒன்றில் இந்தச் சிறு வேறுபாடு அற்பமானதன்று.

ஓடம் வெளிச்சத்தில் ஏறி, வளைந்து, குன்றினுள் நுழைகின்றது. அங்கே ரியானா நின்று வரவேற்கிறாள். மர்டி கிரா என்னும் திருவிழாவுக்கு விருந்து ஏற்பாடாகியிருக்கிறது, உணவு ஆயத்தம், ஆனால் வாத்தியக் குழு இல்லை. பாயூவிலே வாத்தியக்காரரைத் தேடவேண்டும். எக்காளம் ஊதும் லூயி என்னும் முதலையும் உடன் வருகிறது. ஓடம் இருளுக்குள் நழுவ, மின்மினிகள் மினுங்குகின்றன. நீர்நாயும் முயலும் ஆமையும் பீவரும் கையிற் கிடைத்த மரத்தையும் கொடியையும் வாத்தியங்களாக்கி இசைக்கின்றன. அப்பால் கரடிகளின் குழு. மந்திரக் கிழவியாகிய மாமா ஓடி, பயணிகளைத் தவளையளவிற் சிறியராக்குகிறாள். சுற்றியிருந்த புல்லும் பூவும் மரமென வளர்ந்து நிற்க, அவற்றினிடையே தவளைகள் கியூபா நாட்டுத் தாளத்தில் வாசிக்கின்றன. பின்னர் ஓடம் ஏற்றத்தில் ஏறுகிறது, கிழவி மீண்டும் பழைய உருவைத் தருகிறாள், பாய்ச்சல். நீர் முகத்தில் அறைகிறது. இறுதி மண்டபத்தில் ரியானாவும் அவள் தாயும் கணவனாகிய இளவரசனும் தோழியும், வழியிற் கண்ட விலங்குகள் அனைத்தும் ஒன்றுகூடி இசைக்க, விருந்து நிறைவெய்துகிறது. சுமார் 10 நிமிடத்தில் யாவும் முடிந்துவிடும்.

இதன் நிறைகள் பல. முதலாவது, பாவைகள். இயந்திரத்தால் இயங்கும் இப்பாவைகளின் கண்ணிமை, உதடு, விரல் ஆகியவற்றின் அசைவு உயிருள்ளோரை ஒத்திருக்கின்றது. பழைய குன்றிலிருந்த பாவைகளுட் பெரும்பாலானவை வேறொரு காட்சிக்கென 1974 ஆம் ஆண்டு ஆக்கப்பட்டு, அது மூடப்பட்ட பின் கலிபோர்ணியாக் குன்றுக்குக் கொணரப்பட்டவை. அவற்றோடு ஒப்பிடின் கலை எத்துணைத் தூரம் வளர்ந்துள்ளது என்பது புலனாகும். இரண்டாவது, இசை. நியூ ஓர்லியன்ஸ் நகரத்து இசைவாணர்களையே அழைத்து அமைத்த இசை இது. இறுதிக்குரிய புதுப்பாடலை இயற்றிய பி. ஜே. மோர்ட்டனும் அந்நகரத்தின் புதல்வரே. லூசியானாவின் சிற்றூர்களுக்குரிய ஸைடெக்கோ, ஹெயிற்றியிலிருந்து வந்த ராரா, கியூபாவின் தாளம் ஆகிய மூன்றும் ஒரு துறைமுக நகரில் எவ்வாறு கலந்தன என்பதைச் சிறுவர் அறியாமலே செவிவழி கற்றுக்கொள்கின்றனர். மூன்றாவது, கண்ணியம். கறுப்புப் பெண்ணொருத்தி பணிப்பெண்ணாகவோ கேலிக்குரியவளாகவோ இல்லாமல், தொழிலாளரும் பங்குகொண்ட ஒரு கூட்டுறவு உணவு நிறுவனத்தின் தலைவியாக நின்று, வருவோரை விருந்தினராக வரவேற்கிறாள்.

குறையும் உண்டு. அது சிறிய குறையன்று. கதையில் இடர் இல்லை. வாத்தியக்காரர் கிடைப்பாரோ மாட்டாரோ என்னும் ஐயம் ஒரு கணமேனும் எழுவதில்லை. முதற்குழுவைக் கண்டவுடனே தேவை தீர்ந்துவிடுகிறது. எதிர்ப்பவர் எவரும் இலர். மூலப்படத்திலோ நிலை வேறு. அங்கே நிழல்களை ஏவி மனிதரை வஞ்சிக்கும் மாயக்காரன் ஃபாசிலியே உண்டு. மகளின் கனவை விதைத்துவிட்டு மறைந்த தந்தை உண்டு. ஒளி வீசி உதவிய மின்மினி ரேயின் மரணமும் உண்டு. இவற்றையெல்லாம் கடந்து வந்தமையாலேயே ரியானாவின் விருந்துக்குப் பொருள் இருந்தது. புதிய ஓடம் விருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குக் கொடுத்த விலையை விட்டுவிட்டது.

இதன் பாதிப்பு உச்சியிலே வெளிப்படுகின்றது. ஐம்பதடி வீழ்ச்சி என்பது விளையாட்டன்று. உடல் அதை ஆபத்தென்றே உணரும். கண் காண்பது விழா. வயிறு உணர்வது விபத்து. இரண்டும் ஒன்றையொன்று தழுவவில்லை. பழைய குன்றில் 'ஏன் விழுகிறோம்?' என்று சிறுமி கேட்டிருந்தால், முயலார் தப்புகிறார் என்று தாய் சொல்லியிருப்பாள். புதிய குன்றில், உருவம் மீண்டு பெரியவராகிறோம் என்றுதான் சொல்லலாம். பெரியவராவதற்கு விழுவானேன் என்று அவள் திரும்பக் கேட்பாளாயின், தாய் புன்முறுவல் செய்து விடவேண்டியதுதான்.

வேறொரு குறையும் கூறப்பட்டது. நியூ ஓர்லியன்ஸ் நகரம் தட்டையான நிலம். அங்கே குன்று ஏது? இதற்கு விடையாக, குன்று ஒரு பழைய உப்புச் சுரங்கம் என்று வடிவமைப்பாளர் கதை புனைந்தனர். அது முற்றிலும் கற்பனையன்று. லூசியானாவில் நிலத்தடி உப்பு மேலெழுந்து மண்ணை உயர்த்திய மேடுகள் மெய்யாகவே உள்ளன. ஏவரித் தீவு என்னும் மேடு கடல்மட்டத்துக்கு மேல் 160 அடிவரை உயர்ந்து நிற்கிறது. ஆனால் உப்பும் கூட்டுறவும் பற்றிய இச்செய்திகள் வரிசையிற் காத்து நிற்குமிடத்துச் சுவர்களிலே எழுதப்பட்டுள்ளன, ஓடத்திலே நிகழ்வதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பருவத்துச் சிறுமிக்கு அவை எட்டுவது அரிது. திறப்பை ஒட்டிய வாரங்களில் ஓடங்கள் அடிக்கடி நின்றுவிட்டன என்ற செய்தியும் வந்தது. எனினும் புதிய இயந்திரத்தின் முதல் மாதங்களைக் கொண்டு அதன் வாழ்நாளை அளத்தல் நீதியாகாது.

இக்குறைகளுக்கு மறுமொழி உரைப்போரும் உளர். கறுப்பு மக்களைப் பற்றிய கதை என்றால் துன்பத்தையே காட்டவேண்டுமா, அவர்கள் மகிழ்ந்து விருந்துண்ணும் ஒரு மாலைப்பொழுது போதாதா என்பது அவர்தம் வாதம். இது எளிதிற் தள்ளிவிடத்தக்க வாதமன்று. நெடுங்காலம் பிறருடைய கேலிப் படங்களில் மட்டுமே தம் முகத்தைக் கண்ட மக்களுக்கு, தம் வீட்டுத் திருவிழாவை உலகமெல்லாம் வந்து காண்பது ஒரு மருந்தாகும். ஆயினும் விழாவுக்கும் இடருக்கும் பகை இல்லை. அடிமைப்பட்ட மக்கள் தாமே புனைந்த முயல் கதையில் இரண்டும் கைகோத்து நின்றன. அபாயத்தின் வாயிலே நின்று சிரிக்கக் கற்பித்தவர்கள் அவர்களே. அக்கதையைக் கெடுத்தது அதனைச் சுற்றி எழுப்பிய தோட்டக் காட்சியேயன்றி முயலன்று. தோட்டத்தை நீக்கவேண்டியிருந்தது, நீக்கினர், நன்று. முயல் கற்பித்த பாடத்தையும் சேர்த்து நீக்கியதே இழப்பு. ரியானாவின் வாழ்க்கையிலேயே அப்பாடம் நிரம்ப இருக்கையில், அதனை எடுத்துக்கொள்ளாமல் விட்டமை மேலும் வருந்தத்தக்கது.

எனவே இவ்வோடம் எதிர்பார்ப்பை நிறைவேற்றியதா என்ற வினாவுக்கு ஒருசொல் விடை பொருந்தாது. மாற்றவேண்டியதை மாற்றினார்களா என்றால், ஆம். கைவினையும் இசையும் உயர்ந்தனவா என்றால், ஆம், பழையதிலும் உயர்ந்தன. கதை அந்தக் குன்றின் உயரத்துக்கு ஏறியதா என்றால், இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய பாட்டை முணுமுணுத்து வந்தோரின் ஏக்கத்தை எந்தப் புதுக்கதையும் தீர்த்திருக்க இயலாது. அதற்காக இவ்வோடத்தைக் குறைகூறுதல் தகாது. விட்டுவிட இயலாதோர்க்கு ரோக்கியோவில் பழைய குன்று இன்னும் நிற்கிறது. புதிய குன்றின் குறையோ திருத்தக் கூடியது. பாவைகள் உள்ளன, பாட்டு உள்ளது, நீரும் உள்ளது. உச்சிக்குச் செல்லும் வழியில் மாயக்காரனின் நிழல் ஒன்று சுவரிற் படிந்தாலே வீழ்ச்சிக்குக் காரணம் கிடைத்துவிடும்.

நனைந்த தலைமயிரோடு சிறுமி ஓடத்திலிருந்து இறங்குகிறாள். வீழ்ச்சியில் அவள் தாயின் கையை இறுகப் பற்றியிருந்தாள், இப்பொழுதுதான் விடுகிறாள். இன்னொரு முறை ஏறலாமா என்று கேட்கிறாள். ஏன் விழுந்தோம் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு அந்த இசை போதும். தன்னைப் போன்ற நிறமுடையவளாயின், வரவேற்ற அந்த முகமும் போதும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை ஏறி, சற்றே வளர்ந்தபின் அவள் அக்கேள்வியைக் கேட்பாள். அந்த நாளுக்கு ஒரு நல்ல விடையை ஆயத்தஞ் செய்து வைத்தல் ஓடத்தை அமைத்தோரின் எஞ்சிய கடமையாகும்.